குறையாத உப்பு

"இன்னியிலேர்ந்து இந்த வீட்டுல உப்பு பாதியாக் குறையப் போகுது."

காலையில் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் இப்படி அறிவித்ததும் மனைவி அவர் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏன், சாப்பாடு கரிக்குதா?"

"சாப்பாட்டுல இல்லம்மா. மிஷின்ல."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். ஒரு மாபெரும் திட்டத்துக்கு இதைவிடச் சின்ன வரவேற்பு கிடைக்க வழியில்லை. ஆனால் அவர் மனம் தளரவில்லை. வரவேற்பு இல்லாமலே திட்டம் போட்டுப் பழகியவர் அவர்.

அவருக்கு ஒரு பேருந்து நிறுவனத்தில் வேலை. எந்தப் பேருந்து எப்போது கிளம்புவது, ஒரு நாளைக்கு எத்தனை நடை போவது என்பதெல்லாம் அவர் மேஜையில்தான் முடிவாகும். அலுவலகத்தில் அவருக்கு அட்டவணையார் என்றே பெயர். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த 'ஆர்' மரியாதைக்காகச் சேர்ந்தது. வீட்டில் அதுவும் கிடையாது. நடையைக் குறைப்பதில் அவர் கெட்டிக்காரர். மூன்று நடை போகிற ஊருக்கு இரண்டே போதும் என்று காகிதத்தில் நிரூபித்துவிடுவார். அவர் காகிதத்தில் ஒரு பயணிகூட நின்றுகொண்டு போனது கிடையாது. நிறுத்தத்துக்கு நேரில் போய்ப் பார்க்கிற வழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. அட்டவணையை ஒட்டியாயிற்று என்றால் அந்த விஷயம் முடிந்தது.

மனைவிக்கு மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. எந்த மாத்திரை, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அவள் பேச்சு அளவாகத்தான் வரும்.

இனி மிஷின். அவர்கள் இருந்த கட்டடத்தில் வந்தது ஆழ்குழாய்த் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும். தலைக்குக் குளித்தால் முடி விளக்குமாறு மாதிரி நிற்கும். அதனால் வீட்டுக்கு வீடு தண்ணீரை மென்மையாக்கும் மிஷின் ஒன்று இருந்தது. அட்டவணையார் வீட்டு மிஷினுக்கு வாசலுக்கு வெளியே, மாடிப்படி ஓரத்தில் ஒரு சின்ன அறை. உயரமான ஒரு உருளைக்குள் பொடிப் பொடி மணிகள் இருக்கும். தண்ணீரில் உள்ள கடினத்தை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து மணிகள் அலுத்துப்போனால், பக்கத்து டிரம்மிலிருந்து உப்புத் தண்ணீரை உறிஞ்சி மிஷின் தானே அவற்றைக் கழுவிக்கொள்ளும். கழுவக் கழுவ டிரம்மில் உப்பு குறையும். குறைந்தால் கடைக்குப் போய் மூட்டை வாங்கி வர வேண்டும். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. வீடு மூன்றாவது மாடி. மூட்டை தூக்குவது அட்டவணையார். தூக்குகிற நேரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

வலி அங்கேதான். அட்டவணையாருக்கு இந்த உலகத்தில் மிகவும் பிடித்த ஒன்று உண்டென்றால் அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம். ஆனால் அதை வாய்விட்டுக் கேட்க அவருக்கு வெட்கம். பொறுப்பான குடும்பத் தலைவர், எனக்குத் தூங்க வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பார்? தூக்கத்தைக் கேட்கக் கூசிய மனிதர் சிக்கனத்தைக் கையில் எடுத்தார்.

அன்று சாயங்காலமே பேச்சுவார்த்தை நடந்தது.

"நம்ம மிஷின் ரொம்ப அடிக்கடி கழுவுது" என்றார். "காலி பஸ்ஸை ஓட்டற மாதிரி. மணிகள் நிறையறதுக்கு முன்னாடியே கழுவினா உப்பும் தண்டம், தண்ணியும் தண்டம். நான் மூணு எண்ணை மாத்தப் போறேன். தண்ணி எவ்வளவு கடினம்ங்கற எண். மாசத்துக்கு எத்தனை தடவை கழுவணும்ங்கற எண். ஒரு கழுவலுக்கு எவ்வளவு உப்புங்கற எண்."

"மிஷின் மாட்டினவர் தண்ணியைச் சோதிச்சுப் பார்த்துத்தானே வச்சிட்டுப் போனாரு?"

"அவங்க எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பாங்க."

"எங்க கடைக்கு ஒருத்தர் வருவாரு. டாக்டருங்க எப்பவும் கூட்டித்தான் எழுதுவாங்கன்னு சொல்லிப் பாதி மாத்திரைதான் சாப்பிடுவாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"இப்ப வர்றதில்ல."

அட்டவணையார் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, "அது மருந்து. இது தண்ணி" என்றார்.

"சரி. உங்க கணக்கு பலிச்சா என்ன லாபம்?"

"உப்பு மிச்சம். தண்ணி மிச்சம். எல்லாத்துக்கும் மேல நேரம் மிச்சம். மூட்டை தூக்கற வேலை இல்லையே! அந்த நேரத்தை..." இந்த இடத்தில் அவர் வாய் அவரை முந்திக்கொண்டு ஓடிவிட்டது. "அந்த நேரத்தை இந்தக் குடும்பத்துக்கே கொடுக்கறேன்."

"பலிக்கலைன்னா?"

"ஆயுசுக்கும் மூட்டை தூக்கறேன். முணுமுணுக்கக்கூட மாட்டேன்."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"அட்டவணை போட்டா போட்டதுதான்."

அவள் தலையை ஆட்டினாள். இத்தனை சுலபமாக அவள் தலை ஆட்டியதில்லை. வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே சுதாரித்திருப்பார்கள். இவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மிஷினிடம் போனார்.

மிஷினின் நெற்றியில் சின்னத் திரை ஒன்று. எப்போதும் நேரம்தான் காட்டும். ஒரு பொத்தானை விரல் வலிக்கும் வரை அமுக்கிப் பிடித்தால்தான் எண்கள் வெளியே வரும். அட்டவணையார் பிடித்தார். மூன்று எண்களையும் ஒவ்வொன்றாகப் பாதியாக்கினார். ஒவ்வொரு தடவையும் மிஷின் 'கீ' என்று கத்தியது. அது சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். முக்காலியோடு உள்ளே வந்தபோது அவர் நடையே வேறாக இருந்தது.

முதல் இரண்டு நாள் கொஞ்சம் இடறியது. குளிக்கும்போது சோப்பு நுரைக்க யோசித்தது. அவர் யாருக்கும் தெரியாமல் சோப்பை இரண்டு மடங்கு தேய்த்துச் சமாளித்தார். வெளியே வந்து, "தண்ணி அருமை" என்றார். மனைவி உடைந்த சீப்பு ஒன்றைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சோப்பு பொங்கிப் பொங்கி நுரைத்தது. தண்ணீர் வழவழவென்று கையை விட்டு நழுவியது. அட்டவணையாருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாதி சோப்பு, மீதி சந்தோஷம்.

"புது அட்டவணை போட்டா டிரைவருங்க ரெண்டு நாள் முரண்டு பிடிப்பாங்க" என்று மனைவிக்கு விளக்கினார். "அப்புறம் பழகிடும். மணிகளும் அப்படித்தான்."

"அப்படிங்களா?" என்றாள் அவள், போனைப் பார்த்தபடியே.

எண்களைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் ஒட்டியாயிற்றே. டிரம் மூடியை மட்டும் அவ்வப்போது திறந்து பார்ப்பார். உப்பு குறையவில்லை. அடுத்த வாரம் பார்த்தார், குறையவில்லை. அதற்கடுத்த வாரம் பார்த்தார். கொஞ்சம் கூடியிருந்தது.

கூடியது எப்படி? இந்தக் கேள்வியை வேறு யாராவது மனைவியிடம் கேட்டிருப்பார்கள். அட்டவணையார் தன்னிடமே கேட்டுக்கொண்டார். அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது அல்லவா? அளவைச் சரியாக வைத்தால் மணிகள் அதைப் பிடித்து, கழுவும்போது டிரம்முக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இதைக் கீழ் வீட்டு வக்கீலிடம் படியில் நிறுத்திச் சொன்னார்.

வக்கீல் யோசித்தார். "அப்படின்னா இன்னும் கொஞ்ச நாள்ல டிரம் நிறைஞ்சு வழியுமே சார்?"

"வழியலாம். அதுக்குள்ள கொஞ்சம் கூட்டி வச்சுடுவேன்."

"எங்க வீட்டு மிஷினையும் கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தார். பாதியாக்கினார். வக்கீல் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனிதர் வாழ்நாளில் அன்றைக்கு அடைந்த பெருமை மாதிரி அதற்கு முன்னாலும் அடைந்ததில்லை, பின்னாலும் அடையப் போவதில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே.

மூட்டை இல்லாத முதல் ஞாயிறு. சாப்பிட்டு முடித்து, தலையணையைத் தட்டிச் சரிசெய்து, ஒரு காலைக் கட்டில்மேல் வைத்தார். மற்றக் கால் தரையில் இருக்கும்போதே மனைவி வந்தாள்.

"மிச்ச நேரம் வந்தாச்சா?"

"வந்தாச்சு" என்றார், இன்னும் புரியாமல்.

"குடும்பத்துக்குத்தானே?"

"ஆமா."

"அப்ப வாங்க. ஜன்னல் எல்லாம் துடைக்கணும்."

"ஜன்னல் எப்படிம்மா குடும்பமாகும்?"

"குடும்பம் அது வழியாத்தானே வெளிய பார்க்குது?"

வாய் தவறி விட்ட வார்த்தைக்கு மேல்முறையீடு கிடையாது. துடைத்தார். அடுத்த ஞாயிறு மின்விசிறிகள். அதற்கடுத்து பரண். பிறகு மெத்தைகளை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் போட்டு, வெயில் தாழ்ந்ததும் கீழே கொண்டுவருவது. வீட்டில் வேலை தீர்ந்த ஒரு ஞாயிறு, இனி நிம்மதி என்று கால் நீட்டினார். மனைவியின் அக்கா வீட்டில் அலமாரியை இடம் மாற்ற ஆள் இல்லையாம்.

"உங்க அக்காவும் குடும்பமா?"

"நீங்க இல்லேன்னு சொல்றீங்களா? இருங்க, அவகிட்டயே சொல்லிடறேன்."

அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தபோது அட்டவணையாருக்குக் கணக்கு ஒன்று உதித்தது. உப்பு மூட்டைக்கு ஒரு மணி நேரம். அதுவும் வாரம் தவறாமல் கிடையாது. தூக்கி வைத்துவிட்டால் கொஞ்சமாவது கண் அயரலாம். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் மொத்தமாகப் போகிறது. வெற்றியின் பாரம் மூட்டையைவிடக் கூடுதலாக இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. அலமாரியின் பின்பக்கம் வசதியாக இருந்ததால் கொஞ்சம் அழுதார்.

அந்த வாரமே வக்கீல் வந்தார். அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை கஞ்சி போடாமலே அட்டை மாதிரி விறைத்து நின்றது.

"சார், எங்க வீட்டுல சோப்பு நுரைக்கல. குழாய்ல படை படையா வெள்ளை. என் வீட்டம்மா உங்களைத்தான் கேட்கறாங்க."

"ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்."

"ரெண்டு நாளா? சட்டையைப் பாருங்க சார். கழட்டி வச்சா தானா உட்காருது!"

"அப்ப உங்க குழாய்ல ஏதோ கோளாறு."

"உங்க வீட்டுல நல்லா இருக்கா?"

"பட்டு மாதிரி" என்றார் அட்டவணையார். சொல்லும்போது அவருக்கே எரிச்சலாக இருந்தது. ஊரில் எங்கும் தோற்கிற கணக்கு, தோற்க வேண்டிய தன் வீட்டில் மட்டும் ஏன் இப்படி ஜெயித்துத் தொலைக்கிறது?

இனி இந்தக் கணக்கு தோற்றாக வேண்டும் என்று தீர்மானித்தார். எண்களை மாற்றலாம். ஆனால் தன் கையால் போட்ட அட்டவணையைத் தானே அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. உப்பு தானாகத் தீர்ந்ததாக இருக்கட்டும். டிரம் காலியானால், "என்னமோம்மா, பலிக்கல" என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பழைய மூட்டைக்கும் பழைய குட்டித் தூக்கத்துக்கும் திரும்பிவிடலாம்.

ஒரு வேலை நாளில், மனைவி கடையில் இருக்கும் நேரம் பார்த்து, அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். டிரம்மில் இருந்த உப்பை அள்ளி இரண்டு பக்கெட்டில் நிரப்பினார். மூன்று மாடி இறங்கி, காரின் பின்பெட்டியில் விரித்த சாக்கில் கொட்டினார். மறுபடி ஏறினார். மறுபடி அள்ளினார். உப்பை மேலே தூக்காமல் இருப்பதற்காக ஆரம்பித்த மனிதர் இப்போது உப்பைக் கீழே தூக்கிக்கொண்டிருந்தார். அது அவருக்கும் தெரிந்தது. ஆனால் விடுதலை பக்கத்தில் வந்துவிட்ட உற்சாகத்தில் கை கால் வலி தெரியவில்லை. கடைசி நடைக்கு டிரம்மைச் சுரண்டி வழித்துக்கொண்டு இறங்கும்போது வாயில் ஒரு பாட்டுக்கூட வந்துவிட்டது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், தோளில் உப்பு மூட்டையோடு ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் ஒதுங்குங்க சார். மூணாவது மாடிக்குப் போகணும்."

"மூணாவது மாடில யார் வீட்டுக்கு?"

"மருந்துக் கடை அம்மா வீட்டுக்கு. நான் உப்புக் கடை வண்டி ஓட்டறேன். வழக்கமா காலையில நேரங்கழிச்சு வந்து டிரம்முல கொட்டிட்டுப் போயிடுவேன். இன்னிக்கு அவசரமா ஒரு மூட்டை கேட்டு அம்மா போன் பண்ணாங்க."

அட்டவணையாரின் பாட்டு நின்றது. "நீங்க மாடி வரைக்கும் தூக்கிட்டு வருவீங்களா?"

"எல்லா வீட்டுக்கும் இல்ல சார். வயசானவங்க, முடியாதவங்க வீட்டுக்கு மட்டும் கடையில சொல்லியிருக்காங்க. பாவம், அந்த அம்மா வீட்டுக்காரருக்கு முதுகு அடியோட போயிடுச்சாம். குனிஞ்சு செருப்புகூடப் போட முடியாதாம்." அவர் மூட்டையைப் படியில் இறக்கி வைத்து மூச்சு விட்டார். அப்போதுதான் பக்கெட்டுகளைப் பார்த்தார். "இது என்ன சார், உப்பா?"

"ஆமா."

"மேலேர்ந்து கீழ கொண்டு போறீங்க?"

"ஆமா."

"நீங்க எந்த வீடு?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் இரண்டு கையிலும் பக்கெட் இருக்கும்போது மனிதனுக்குப் பொய் வருவதில்லை.

"அந்த முதுகு நான்தான்" என்றார் அட்டவணையார்.

வண்டிக்காரர் நல்ல மனிதர். அவருக்குக் கோபம் வரவில்லை, ஆனந்தம்தான் வந்தது. உடனே போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டார். "அம்மா! சார் குணமாயிட்டாரும்மா! ரெண்டு கையில ரெண்டு பக்கெட் உப்பு, பாட்டு வேற பாடிக்கிட்டு இறங்கறாரு!"

மறுமுனையில் யாரோ இருமலுக்கு மருந்து கேட்பது கேட்டது.

"ரொம்ப சந்தோஷம்ணே" என்றாள் மனைவி. "போனை அவர்கிட்ட குடுங்க."

அட்டவணையார் பக்கெட்டுகளை வைத்துவிட்டுப் போனை வாங்கினார். மூளை படபடவென்று வேலை செய்தது. "நீதான் உப்பு கொட்ட வச்சியா? அப்படின்னா என் எண்கள்?"

"ரெண்டு நாள் ஓடிச்சு. சீப்பு உடைஞ்சுது. நீங்க ஆபீஸ் போனதும் போன்லயே பழையபடி வச்சுட்டேன்."

"போன்லயா? மிஷினைப் போன்ல மாத்தலாமா?"

"மாட்டினவர் அன்னிக்கே சொல்லிக் கொடுத்துட்டுப் போனாரு. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. உப்பு குறைஞ்சாலும் போன்ல கத்தும். இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து கத்தோ கத்துன்னு கத்துது. அதான் அண்ணனைக் கூப்பிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"எதுக்கு? நீங்க நிம்மதியா இருந்தீங்க. கடையில சில பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்தாலே குணமாயிடும். நாங்க போய்த் தட்டி எழுப்பி உண்மையைச் சொல்றதில்ல. வீட்டுக்கு ஜன்னலும் சுத்தமாச்சு."

அட்டவணையார் நிமிர்ந்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப என் கணக்கு பலிக்கல! பலிக்கலைன்னா ஞாயித்துக்கிழமை வேலை எனக்கு இல்ல. பேச்சு அதானே?"

"அதேதான். பலிக்கலைன்னா ஆயுசுக்கும் மூட்டை. அதுவும் பேச்சுத்தானே?"

"அதுக்குத்தான் இந்த அண்ணன் இருக்காரே!"

"அவரு முடியாதவங்க வீட்டுக்கு மட்டும்தான் வருவாரு. நீங்கதான் குணமாயிட்டீங்களே."

வண்டிக்காரர் மகிழ்ச்சியோடு தலையை ஆட்டினார். மூட்டை படியில் உட்கார்ந்திருந்தது. அட்டவணையாருக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. சிக்கனம், மணிகள், காலி பஸ் எல்லாம் எங்கோ போய், இத்தனை வாரமாக உள்ளேயே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"எனக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கணும்மா" என்றார். "அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம்."

மறுமுனையில் இருமல்காரர்கூடச் சும்மா இருந்தார்.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா," என்றாள் அவள், கோபமே இல்லாமல், "அன்னிக்கே அண்ணனுக்குப் போன் பண்ணியிருப்பேனே."

வண்டிக்காரர் போனை வாங்கிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு லேசாக இறங்கிப் போனார். அட்டவணையார் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே நடந்தார். பக்கெட்டுகளுக்கு இன்னொரு நடை வர வேண்டியிருந்தது. காரில் இருந்ததற்கு எத்தனை நடை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கணக்குப் போடவில்லை.